இலவசக் கல்வியும் வகுப்பறைக்கு மீள்தலும்

இலங்கையிலே 1945ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலிருந்து வரும் இலவசக் கல்வியைப் பற்றிப் பேசுவோர், கட்டணமின்மை என்னும் அம்சத்தையே பெரிதும் வற்புறுத்துவர். ஆயின் அத்திட்டத்தின் சமூகப் பயன், வகுப்பறை என்னும் பொது இடத்திலேயே தங்கியிருந்தது. கூலித் தொழிலாளியின் பிள்ளையும் எழுதுவினைஞரின் பிள்ளையும் வீட்டு நிலையிலே வேறுபட்டிருப்பினும், பாடசாலை மணி ஒலித்த பின்னர் ஒரே கரும்பலகையின் முன் அமர்ந்தனர். இவ்விடம் இல்லாதுபோகுமாயின் இலவசக் கல்வி யாது ஆகும் என்ற வினாவுக்குக் கொவிட்-19 காலம் விடை தந்தது. பாடசாலைகள் மீளத் திறக்கப்பட்ட முறையினை மதிப்பிடுவதற்கும் அவ்விடையே அளவுகோலாதல் வேண்டும்.

2020 மார்ச் மாத நடுப்பகுதியில் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. அவ்வாண்டு யூலை முதல் படிப்படியாகத் திறக்கப்பட்டவை ஒக்டோபரில் மீண்டும் மூடப்பட்டன. 2021 ஜனவரியில் மேல் மாகாணத்துக்கு வெளியே தொடங்கிய கற்பித்தல் ஏப்பிரல் இறுதியிலே தடைப்பட்டது. 2021 ஒக்டோபர் 21ஆந் திகதி, 200 மாணவர்களுக்குக் குறைந்த ஆரம்பப் பாடசாலைகள் முதலில் திறக்கப்பட்டன. ஏனைய வகுப்புகள் நவம்பர் வரை கட்டங்கட்டமாக மீண்டன. இம்மீட்சியும் நிலைக்கவில்லை. எரிபொருள் நெருக்கடியால் 2022 யூலையில் பாடசாலைகள் மறுபடி மூடப்பட்டு, மாத இறுதியில் வாரத்துக்கு மூன்று நாட்கள் என்ற அடிப்படையில் இயங்கின.

இக்காலத்திலே கற்பித்தல் தொலைபேசித் திரைக்கும் தொலைக்காட்சிக்கும் மாற்றப்பட்டது. வட்ஸ்அப் வழியாகச் செயலட்டைகள் அனுப்பப்பட்டன. 'குருகுலம்' என்னும் பெயரில் தமிழ்மொழிமூலப் பாடங்கள் ஒளிபரப்பாயின. இம்முயற்சிகளின் நன்மையை மறுப்பதற்கில்லை. எனினும், 2019ஆம் ஆண்டின் அரச புள்ளிவிபரங்களின்படி இந்நாட்டில் ஏறத்தாழ ஐந்து வீடுகளுக்கு ஒன்றிலேயே கணினி இருந்தது. பெருந்தோட்டத் துறையில் இவ்வளவு பத்தில் ஒன்றுக்கும் மிகக் குறைவாகும். வகுப்பறைக்கான செலவை அதுவரை அரசு ஏற்றது. இப்போது கருவியின் விலையும் தரவுக் கட்டணமும், படிப்பதற்கான அமைதியும் இடமும் குடும்பத்தின் பொறுப்பாயின. கட்டணம் அறவிடப்படாமலே கல்வி விலைக்குரிய பண்டமாயிற்று.

மலையகத்திலே இதன் விளைவு கூர்மையாக வெளிப்பட்டது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலேயாகும். ஆகவே இலவசக் கல்வி முழுமையாக வந்தெய்த ஏனையோரினும் ஒரு தலைமுறை காத்திருந்த சமூகம் அது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான லயன் அறையிலே முழுக் குடும்பமும் வாழ்கையில் பிள்ளைக்குத் தனி மேசை ஏது? வீட்டிலிருந்த ஒரே தொலைபேசி தந்தையுடன் வேலைக்குச் சென்றது. அது மாலையில் திரும்பியபோது அதன் முன் மூன்று வகுப்புப் பிள்ளைகள் காத்திருந்தனர். அலைவரிசை தேடி மேட்டுக்கும் மரத்தடிக்கும் செல்ல வேண்டிய நிலையும் இருந்தது. இவற்றைத் தனிப்பட்ட குடும்பங்களின் அக்கறையின்மையாகக் கொள்வது, சமூகக் குறையைப் பெற்றோர்மீது சுமத்துவதாகும்.

ஆசிரியரின் நிலையையும் இங்கு நோக்குதல் தகும். தம் ஊதியத்திலிருந்தே கருவியும் தரவும் பெற்றுக் கற்பித்தோர் பலர். சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி 2021 யூலை முதல் ஒக்டோபர் வரை ஆசிரியர் சங்கங்கள் நிகழ்நிலைக் கற்பித்தலிலிருந்து விலகியமையின் பின்னணி இதுவாகும். பிள்ளைகள் மேலும் சில மாதங்களை இழந்தனர் என்பது உண்மையே. ஆயினும் பொதுக் கல்வியின் செலவைத் தனியாள் தாங்குதல் கூடும் என்ற எடுகோளே அங்கு முறிந்தது.

இழப்பின் தன்மையை ஒரு வகுப்பினரைக் கொண்டு விளக்கலாம். 2020 ஜனவரியில் தரம் 1இற் சேர்ந்த பிள்ளை இரண்டு மாதமும் நிறையாது வீடு திரும்பியது. உயிர்மெய் வரிவடிவங்களை ஆசிரியர் கைபிடித்து எழுதுவிக்க வேண்டிய பருவம் வீட்டில் கழிந்தது. 2022 ஏப்பிரலில் அப்பிள்ளை தரம் 3இல் அமர்ந்தது. வகுப்பேற்றம் நம் நாட்டிலே வயதை ஒட்டித் தானாக நிகழ்வது; அடிப்படை வாசிப்பைத் தேடிக் கீழிறங்குவதில்லை. 'கெ', 'கொ' என்பவற்றை வேறுபடுத்த அறியாத பிள்ளையின் கையிலே சுற்றாடற் பாடநூல் கொடுக்கப்பட்டது. அதே வகுப்பினர் 2024இல் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு முகங்கொடுத்தனர். தனியார் வகுப்புக்குப் பணம் செலுத்த இயன்ற வீடு இடைவெளியை நிரப்பியிருக்கும். ஏனைய வீட்டுப் பிள்ளையின் தோல்வி 'திறமைக் குறைவு' எனப் பதியப்படும்.

ஆகவே கதவு திறந்தமையை மட்டும் மீட்சி எனக் கொள்ளலாகாது. நாட்காட்டி நின்ற இடத்திலிருந்தன்றிப் பிள்ளை நின்ற இடத்திலிருந்து கற்பித்தல் தொடங்கியிருக்க வேண்டும். பாடவிதானத்தின் சுமையைக் குறைத்து வாசிப்புக்கும் எண்ணுக்கும் முதலிடம் அளித்தல், வயதால் அன்றி அடைவு மட்டத்தால் மாணவரைத் தற்காலிகமாகக் குழுப்படுத்துதல், ஆசிரியர் பற்றாக்குறையுள்ள தோட்ட, எல்லைப்புறப் பாடசாலைகளுக்கு முன்னுரிமை வழங்குதல் என்பன அதன் அடிப்படைகள். ஐந்து முதல் பதினாறு வயது வரை கல்வி கட்டாயம் எனச் சட்டங் கூறுமாயின், வராது நின்ற பிள்ளையைத் தேடிச் செல்லும் கடமையும் அச்சட்டத்துள் அடங்கும். கடைச் சிப்பந்தியாகவும் வீட்டு வேலையாளாகவும் நகரங்களுக்குச் சென்ற சிறுவரின் பெயர்கள் வரவுப் பதிவேட்டிலே சில வாரம் சிவப்பு மையில் நின்று, பின்னர் நீக்கப்பட்டுவிடுகின்றன.

அத்தலைமுறையினர் இன்று இடைநிலை வகுப்புகளில் உள்ளனர்; அவர்களுடைய இழப்பு முற்றும் ஈடுசெய்யப்படாத கடனாகவே நிற்கின்றது. தொழில்நுட்பம் அடுத்த நெருக்கடியைத் தாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கை இப்போது பரவலாக முன்வைக்கப்படுகின்றது. கருவிகள் வேண்டியனவே. எனினும் அவை எவருடைய செலவில், எந்த வீட்டில், எவ்வளவு இடத்தில் இயங்கும் என்ற வினாவை எழுப்பாத கல்விக் கொள்கை, 1945இல் பெற்ற உரிமையை ஓசையின்றித் திரும்பப் பெறுவதாகவே முடியும்.