முதுகெலும்பு அறுவைச் சிகிச்சையில் நோயாளர் பாதுகாப்பு

முதுகெலும்பு அறுவைச் சிகிச்சை என்பது முள்ளெலும்புகள், இடைத்தட்டுகள், தண்டுவடம், நரம்பு வேர்கள் ஆகியவற்றில் ஏற்படும் நோய்களையும் காயங்களையும் சீர்செய்ய மேற்கொள்ளப்படும் சிகிச்சையாகும். சேதமுற்ற தண்டுவட நரம்பிழைகள் பெரும்பாலும் மீண்டும் வளர்வதில்லை. ஆதலால் இதில் நேரும் சிறு பிழையும் நிலையான ஊனத்தை ஏற்படுத்தக்கூடும்.

அறுவைக்கு முன்

நோயாளரின் உடல்நிலை விளைவைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

* புகைப்பழக்கம்: நிக்கோட்டின் குருதிக் குழாய்களைச் சுருக்குவதால், இணைக்கப்பட்ட முள்ளெலும்புகள் ஒன்றுசேர்வது தடைப்படுகிறது.
* நீரிழிவு: குருதிச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையெனில் புண் ஆறுவது தாமதமாகும்; நோய்த்தொற்று எளிதில் ஏற்படும்.
* எலும்புப்புரை: எலும்பு வலுவிழந்திருப்பதால் பொருத்தப்படும் திருகாணிகள் தளரக்கூடும்.

சரியான இடத்தை உறுதிசெய்தல்

அடுத்தடுத்த முள்ளெலும்புகள் தோற்றத்தில் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். பொதுவாகக் கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 முள்ளெலும்புகள் உள்ளன. சிலருக்கு இடுப்பில் 4 அல்லது 6 இருப்பதுண்டு. இத்தகையோரில் மேலிருந்து எண்ணுவதும் கீழிருந்து எண்ணுவதும் வேறுபட்டு, தவறான முள்ளெலும்பில் அறுவை செய்யப்படும் அபாயம் உண்டு. இதனைத் தவிர்க்க அறுவை அரங்கிலேயே எக்சு-கதிர்ப் படம் எடுத்து இடம் உறுதிசெய்யப்படுகிறது. உலக சுகாதார அமைப்பு 2008-ல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலும் நோயாளர், அறுவை, இடம் ஆகிய மூன்றையும் குழுவினர் வாய்விட்டுக் கூறி உறுதிசெய்யுமாறு வலியுறுத்துகிறது.

அறுவையின்போது

முதுகுப்புறமாகச் செய்யப்படும் அறுவையில் நோயாளர் குப்புறக் கிடத்தப்படுகிறார். வயிறு அழுத்தப்பட்டால் முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைகளில் குருதி தேங்கி, குருதிப்போக்கு மிகும். எனவே வயிறு தொங்கும் வகையில் தாங்கிகள் வைக்கப்படுகின்றன. கண்களில் அழுத்தம் படாதவாறும் பார்த்துக்கொள்ளப்படுகிறது.

பிரெஞ்சு மருத்துவர் இசுட்டாக்னாராவும் உடன் பணியாற்றியோரும் 1973-ல் விழிப்புச் சோதனையை விளக்கினர். இதில் அறுவையின் இடையே மயக்கம் குறைக்கப்பட்டு, கால்களை அசைக்குமாறு நோயாளரிடம் கூறப்படும். தற்காலத்தில் மின்தூண்டல் மூலம் தண்டுவடத்தின் செயற்பாட்டைத் தொடர்ந்து கண்காணிக்கும் முறை பரவலாகப் பயன்படுகிறது. குறிகைகள் வலுவிழந்தால், சேதம் நிலைபெறும் முன்னரே மருத்துவர் காரணத்தைத் தேடிச் சரிசெய்யலாம்.

மீட்சி

நோயாளரை இயன்றவரை விரைவில் எழுந்து நடக்கச் செய்வது, கால் சிரைகளில் குருதி உறைவதையும் நுரையீரல் தொற்றையும் குறைக்கிறது. அறுவைக்குப் பின் கால்களில் புதிதாகத் தளர்ச்சி, தொடைகளுக்கிடையே மரத்துப்போதல், சிறுநீர் கழிக்க இயலாமை ஆகியவை தோன்றினால், தேங்கிய குருதிக்கட்டி நரம்புகளை அழுத்துகிறதா என உடனே ஆராயவேண்டும். சில மணிநேரத் தாமதமும் மீட்சியைப் பாதிக்கக்கூடும் என்பதால், இவ்வறிகுறிகளை நோயாளரும் உறவினரும் முன்னரே அறிந்திருத்தல் இன்றியமையாதது.