இரண்டு பைட்டில் விழுந்த ஓட்டை

கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை ரேன்சம்வேர் 2017 மே 12, வெள்ளிக்கிழமை கிளம்பியது. மறுநாளே ஒரகடம் ரெனோ-நிஸான் கார் ஆலையில் உற்பத்தி தடைபட்டதாகச் செய்தி வந்தது. தண்டலத்துக் கல்லூரிகளில் சி மொழி படிக்கும் பிள்ளைகளுக்கு இது பக்கத்து ஊர் சங்கதி. அதன் வேரும் அவர்கள் பாடத்திலேயே இருக்கிறது.

யாரோ கண்ட மின்னஞ்சலைத் திறந்து வந்த வினை என்று பலர் நினைத்தார்கள். இந்த வைரஸ் பரவ யாரும் எதையும் கிளிக் செய்யவே வேண்டாம். விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரும் எஸ்எம்பி பகுதியில், சி-யில் எழுதிய நிரலில், ஓட்டை இருந்தது.

வெளியிலிருந்து வரும் ஒரு பட்டியலின் நீளத்தை அந்த நிரல் நான்கு பைட்டில் குறித்து வைக்கும். பட்டியலின் கடைசியில் கோளாறு இருந்தால் அதை வெட்டிவிட்டுப் புது நீளத்தை எழுதும். ஆனால் எழுதியது கீழ் இரண்டு பைட்டில் மட்டும்; மேல் இரண்டும் பழையபடி நின்றன. 65,536 என்ற நீளம் 65,373 ஆகக் குறைவதற்குப் பதில் 1,30,909 ஆயிற்று! ஒதுக்கிய இடம் சின்னது, நகலெடுத்ததோ இந்தப் பெரிய கணக்குக்கு. மிச்சம் பக்கத்து நினைவகத்தில் வழிந்தது. அங்கே எது வழிய வேண்டும் என்பதைத் தாக்குபவரே முடிவு செய்துகொண்டார்.

நான்கு பைட் எண்ணை இரண்டு பைட்டாகப் பார் என்று எழுதினால் சி கேள்வி கேட்காது. எழுதியவருக்குத் தெரியும் என்று நம்பிவிடும். ஜாவா, பைத்தான் போன்றவை எல்லையைப் பார்த்துத்தான் எழுதும். மீறினால் நிரல் நின்றுவிடும். நிற்பதும் தொல்லைதான், ஆனால் கணினி அந்நியர் கைக்குப் போகாது. ரஸ்ட் மொழியில் நான்கு பைட்டை இப்படி இரண்டாகப் பார்க்க 'அன்சேஃப்' என்று எழுதியே ஆக வேண்டும். சரிபார்ப்பவரின் கண் நேரே அங்கே போகும். எனக்கு அதன் பெரிய லாபமாகத் தெரிவது இதுதான். இது ஒற்றைப் பிழையும் அல்ல: மைக்ரோசாஃப்ட் ஆண்டுதோறும் அடைக்கும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகப் பிழைகள் என்று அதன் பொறியாளர்களே 2019இல் சொன்னார்கள்.

கார்த்துறை சி-யைக் கைவிடவில்லை, கடிவாளம் போட்டது. 1998இல் பிரிட்டனில் பிறந்த மிஸ்ரா சி விதிகள், ஒரு வகைச் சுட்டியை (நினைவக இடத்தைக் காட்டும் பாயிண்டரை) இன்னொரு வகையாக மாற்றுவதை, அதாவது நான்கு பைட்டை இரண்டாகப் பார்க்கும் வழியை, இன்று தடுக்கின்றன. காருக்குள் ஓடும் நிரலுக்குத்தான் அந்த விதி. காரைத் தயாரிக்கும் ஆலையின் விண்டோஸுக்கு அல்ல.

மொழியை மாற்றினால் எல்லாம் தீர்ந்துவிடாது. இந்த ஓட்டைக்கான திருத்தம் 2017 மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. ஆனால் ஆலைகளில் இயந்திரத்தோடு பிணைந்த பழைய கணினியை அப்டேட் செய்ய லைனை நிறுத்தியாக வேண்டும். அதற்கு எந்த ஷிப்ட்டிலும் நேரம் கிடைப்பதில்லை.