ஆலய அமைப்பும் அமரும் முறையும்

நெய்வேலியில் ஒரு சபையார் தம் ஆலயத்தைப் பெரிதாக்க விரும்பி நம்மை ஆலோசனைக்கு அழைத்தனர். ஐரோப்பியப் பேராலயங்களின் படங்களை நம்முன் விரித்து, கூர்மாடமும் வண்ணக் கண்ணாடியும் வேண்டுமென்றனர். 1956இல் நிலக்கரிக் கழகம் நிறுவப்பட்டபின் வட்டம் வட்டமாகத் திட்டமிட்டு எழுந்த நகரியத்தில் பழமைமீது ஏக்கம் பிறப்பது வியப்பன்று. ஆயினும், ஐரோப்பியர் சமைத்த நகரங்கள் நம் கடற்கரையிலேயே உள்ளனவே என்று கூறி, அவர்களைத் தரங்கம்பாடிக்கு அழைத்துச் சென்றோம்.

அங்கே அரசர் தெருவில் இரண்டு ஆலயங்கள் உள்ளன. 1701இல் பிரதிஷ்டையான சீயோன் ஆலயம் டேனியக் குடியினருக்கானது. புதிய எருசலேம் ஆலயமோ தமிழ்ச் சபைக்கென சீகன்பால்கு ஐயர் எழுப்பியது. 1718 அக்டோபர் 11ஆம் நாள் பிரதிஷ்டையாயிற்று. நான்கு மாதங்களில் அவர் மரித்து அங்கேயே அடக்கம்பண்ணப்பட்டார். முகப்பில் டேனிய மன்னர் நான்காம் பிரெடரிக்கின் முடிச்சின்னம் உள்ளது. ஆலயம் சிலுவை வடிவினது. நடுவில் நின்று போதிப்பவரை நான்கு கைகளிலும் அமர்ந்தோர் காணலாம்; ஆனால் ஒரு கையில் இருப்பவர் அடுத்த கையில் இருப்பவரைக் காண்பது அரிது. அக்காலத் தரங்கம்பாடிச் சபையில் சாதிவாரியாக இருக்கைகள் பிரிந்திருந்தன என்பதை இதனோடு சேர்த்தே எண்ணவேண்டும். நூறாண்டுகளுக்குப்பின், 1833இல், பேராயர் தானியேல் வில்சன் ஆங்கிலிக்கன் சபைகளில் சாதி வேற்றுமை ஒழியவேண்டுமென ஆணையிட்டபோது, தஞ்சையில் பலர் சபையைவிட்டே விலகினர். சுவர்களை மட்டும் கண்டு திரும்புவோருக்கு இவ்வரலாறு புலப்படாது.

மறுநாள் புதுச்சேரியில், பிரெஞ்சுத் தெருக்களை விரைந்து கடந்து, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைத் தெருவில் நின்றே பார்த்தோம். செக் நாட்டில் பிறந்து ஜப்பானில் தொழில்புரிந்த ஆன்டனின் ரேமண்ட் வரைந்தது. 1930களின் பிற்பகுதியில் பணி தொடங்கிற்று. மேற்பார்வை செய்தவர் ஜப்பானிய மரபினரான அமெரிக்கர் ஜார்ஜ் நகாஷிமா. இரும்புக்கம்பிக் காங்கிரீட்டால் ஆன அக்கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கியவை. அவற்றில் கண்ணாடிச் சன்னல்களுக்குப் பதிலாகக் கிடைமட்டத் தகடுகள் வரிசையாய் உள்ளன. திருப்பினால் காற்று வரும். மூடினால் மழை தங்கும். வேற்றுச் சமயத்தாரின் விடுதியை ஏன் காட்டினீர்கள் என்று மூப்பர் ஒருவர் வினவினார். சித்திரை வெயிலில் மூடிய கண்ணாடிக்குள் ஒன்றரை மணிநேரம் ஆராதிக்க இயலுமா என்று நாம் திருப்பிக் கேட்டோம்.

திரும்பியதும் வரைபடத்தை மீண்டும் விரித்தோம். அதில் முன்வரிசை அதிகாரிகளின் குடும்பங்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. ஒப்பந்தத் தொழிலாளர் வழக்கமாக அமர்ந்த வாசற்புறத்தில் தூண் ஒன்று பிரசங்க பீடத்தை மறைத்தது. நீண்ட விவாதத்திற்குப்பின் தூணும் ஒதுக்கீடும் நீக்கப்பட்டன. கூர்மாடத்தைப்பற்றிய பேச்சு இன்னும் முடிந்தபாடில்லை.