குளிர்கால விறகும் நமது கடமையும்
நீலகிரி மலையில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி படிகிறது. அப்போது கணப்பு மூட்ட ஈர விறகு உதவாது. பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராகும். அதை ஆவியாக்குவதிலேயே வெப்பம் வீணாகிறது. எழும் புகையோ தாய்மாரின் கண்களையும் குழந்தைகளின் மார்பையும் வாட்டுகிறது.

ஆகவே, அடுத்த குளிருக்கான விறகை மழை குறைந்த மாசி மாதத்திலேயே நாம் பிளந்துவிட வேண்டும். தரையில் படாதவாறு கற்களின்மீது, காற்றுப் புக இடைவெளி விட்டு அடுக்குதல் நலம். மேலே கூரை வேண்டும், பக்கங்களை மூடலாகாது. முனைகளில் வெடிப்புக் கண்டு, ஒன்றோடொன்று தட்டினால் கணீரென ஒலிக்கும் விறகே நன்கு காய்ந்தது.

காய்ந்த விறகாயினும், மூடிய அறையில் கணப்பு வைத்து உறங்குதல் கூடாது. கண்ணுக்குப் புலப்படாத கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே உயிரைப் போக்கிவிடும். ஊராட்சி உறுப்பினர்கள் இதனை வீடுதோறும் எடுத்துரைக்குமாறு வேண்டுகிறோம்.