தச்சன் என்றொரு சொல்

திருச்சானூரில் கார்த்திகை பிரம்மோற்சவத்தின் எட்டாம் நாள் பத்மாவதித் தாயார் தேரில் எழுந்தருளுவாள். பணி ஓய்வுக்குப் பின் இங்கே குடியேறியதிலிருந்து, தேர் நிலைக்கு வந்தபிறகு அதன் சக்கரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவது என் வழக்கம். ரயில்வேயில் சக்கரமும் அச்சுமாகக் காலம் கழித்தவன் அல்லவா!

சென்ற முறை அப்படிப் பார்த்துவிட்டு வீடு திரும்பியபோது, என்னுடன் பணியாற்றிய கிறிஸ்தவ நண்பர் வந்து காத்திருந்தார். கிரேக்க அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பைபிள் படிப்பவர். பேச்சு தேரிலிருந்து தச்சர்களுக்குப் போயிற்று.

"சார், இயேசுவைத் தச்சன் என்று சொல்கிற இடத்தில் கிரேக்கத்தில் 'டெக்டோன்' என்று இருக்கிறது" என்றார் அவர்.

புதிய ஏற்பாட்டில் இச்சொல் இரண்டே இடங்களில்தான் வருகிறதாம். மாற்கு 6:3இல் இயேசுவைக் குறித்தும், மத்தேயு 13:55இல் அவருடைய தந்தையைக் குறித்தும். பெரும்பாலும் மரவேலை செய்பவரைக் குறித்தாலும், பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் 'கல் டெக்டோன்', 'இரும்பு டெக்டோன்' என்றும் வருகிறது. அதாவது, கையால் உருவாக்கத் தெரிந்த தொழிலாளி. இதோடு 'தலைமை' என்ற பொருளுள்ள முன்னொட்டுச் சேர்ந்தால் 'ஆர்க்கிடெக்டோன்'. இன்றைய 'ஆர்க்கிடெக்ட்' அதிலிருந்து வந்ததுதான். பவுல் தம்மை அச்சொல்லால் குறிப்பிடும் இடத்தில் பழைய தமிழ் பைபிள் 'சிற்பாசாரி' என்கிறது.

டெக்டோனும் வடமொழி 'தக்ஷன்' என்பதும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது மொழியியலார் கண்ட முடிவு. நம் 'தச்சன்' அந்தத் தக்ஷனிலிருந்து வந்தது என்கிறது தமிழ்ப் பேரகராதி. 'டெக்னிக்' என்பதற்கும் அதே வேர்தான்.

"ஆனால் சார், நாசரேத்து ஊரார் அந்தச் சொல்லை மரியாதையாகச் சொல்லவில்லை. இவனுக்கு இவ்வளவு ஞானம் எங்கிருந்து வந்தது, நமக்குத் தெரிந்த தச்சன்தானே என்ற இளக்காரம்" என்றார் நண்பர்.

எனக்குச் சுருக்கென்றது. என் தகப்பனார் பெரம்பூரில் ரயில் பெட்டித் தச்சர். 1955இல் ஐ.சி.எஃப். தொடங்கி இரும்புப் பெட்டிகள் வரலான பின்பும் பழைய மரப் பெட்டிகள் பல ஆண்டுகள் ஓடின. அவற்றைச் செப்பனிட்ட கைகள் அவருடையவை. டிப்ளமோ படிப்புக்கு விண்ணப்பித்தபோது, 'தகப்பனார் தொழில்' என்ற இடத்தில் நான் 'ரயில்வே ஊழியர்' என்று எழுதினேன். தச்சர் என்று எழுதக் கூச்சம். கையெழுத்துப் போடும்போது அப்பா அதைப் படித்தார். "ஊழியர்தானே, சரிதான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அப்பாவின் தொழிலை மறைத்துவிட்டு, அதே வேரில் வந்த சொல்லைப் பட்டயமாக வாங்கி வந்திருக்கிறேன்!

புறநானூற்றில் ஔவையார் அதியமானை எதனோடு ஒப்பிட்டார் தெரியுமா? நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யும் தச்சன், ஒரு மாதம் கருதிச் செய்த ஒற்றைத் தேர்க்காலோடு. அரசனைப் புகழத் தச்சனின் கைவேலையே தேவைப்பட்டிருக்கிறது.

பிழைப்பைத் தேடி ஊர்விட்டு வந்த நம் குடும்பங்களில், முந்திய தலைமுறையின் தொழிலைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டவர்கள் என்னைப்போல் இன்னும் சிலர் இருக்கக்கூடும். அன்பர்களே, சொல்லிவிடுங்கள்.

அண்மையில் என் பேரனுக்குப் பள்ளியில் வம்சாவளி எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். அவனுடைய கொள்ளுத்தாத்தா பெயருக்குக் கீழே, 'தச்சர்' என்று நானே எழுதிக் கொடுத்தேன்.