அந்தமானில் நிலநடுக்கத்தைத் தாங்கும் வீடுகள்: கட்டமைப்பு விதிகள் சொல்வது என்ன?

ஸ்ரீ விஜயபுரம்: அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வீடு கட்டும் ஒரு குடும்பம் ஒரே நேரத்தில் மூன்று எதிரிகளைக் கருத்தில் கொள்ள வேண்டியுள்ளது. நிலத்திலிருந்து நடுக்கம், கடலிலிருந்து புயல், காற்றிலேயே கலந்திருக்கும் உப்பு. இவற்றில் ஒன்றுக்கு ஏற்ற தீர்வு மற்றொன்றுக்குப் பாதகமாக அமையக்கூடும் என்பதே இத்தீவுகளின் வீட்டுக் கட்டுமானத்தில் உள்ள சிக்கல்.

நிலநடுக்கத்தைத் தாங்கும் வடிவமைப்புக்கான ஐஎஸ் 1893 தரநிலையின் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பு, தீவுக்கூட்டம் முழுவதையும் அப்பதிப்பின் உச்சபட்ச ஆபத்துப் பிரிவான 5-ஆம் மண்டலத்தில் வைத்துள்ளது. சென்னை 3-ஆம் மண்டலத்தில் உள்ளது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளில் வசிக்கும் 3,80,581 பேரில் சுமார் 15 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். தமிழகத்தில் பழகிய முறையிலேயே இங்கும் வீடு கட்டலாமா என்ற கேள்வி எழுவது இயல்பு. கட்டலாகாது என்பதே பொறியியல் தரும் விடை. அதற்கான காரணங்களைக் காண்போம்.

2004 கற்றுத் தந்தது என்ன?

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே ஏற்பட்ட 9.1 அளவிலான நிலநடுக்கத்தின் மையம், அப்போது போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. ஆனால் நிலத்தட்டு பிளவு அங்கேயே நிற்கவில்லை. வடக்கு நோக்கிச் சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு, நிக்கோபார், அந்தமான் தீவுகளின் அடிப்பகுதி வழியாக அது நீண்டது. இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனை சுமார் 4 மீட்டர் தாழ்ந்தது. வடக்கு அந்தமானின் கரைப் பகுதிகள் சில உயர்ந்தன. ஆழிப்பேரலை காரணமாகத் தீவுகளில் 3,500-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் அல்லது காணாமல் போயினர்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உயிர்ச்சேதத்தில் பெரும்பகுதி அலையால் நேர்ந்தது. ஸ்ரீ விஜயபுரத்தில் உணரப்பட்ட நில அதிர்வின் தீவிரம் 7 என்ற அளவில்தான் மதிப்பிடப்பட்டது. 5-ஆம் மண்டலத்தில் எதிர்பார்க்கப்படும் தீவிரமோ 9 அல்லது அதற்கு மேல். அதாவது, 2004-இல் நிலைத்து நின்ற ஒரு வீடு, அந்தக் காரணத்தாலேயே பாதுகாப்பானது என்று கருத இயலாது. தலைநகரின் கட்டடங்களுக்கு உண்மையான தேர்வு இன்னும் நடக்கவில்லை.

அத்தகைய தேர்வு வராது என்று கொள்வதற்கு வரலாறும் இடம் தரவில்லை. 1881 டிசம்பர் 31-இல் கார் நிக்கோபார் அருகே சுமார் 7.9 அளவிலும், 1941 ஜூன் 26-இல் அந்தமானில் சுமார் 7.7 அளவிலும் நிலநடுக்கங்கள் பதிவாகியுள்ளன. 2002 செப்டம்பர் 14 அதிகாலை வடக்கு அந்தமானின் திக்லிபூர் பகுதியை 6.5 அளவிலான நடுக்கம் உலுக்கியது. அதனை ஆய்வு செய்த கான்பூர் ஐஐடி குழுவினர், மரத்தாலான மரபு வீடுகள் நன்கு தாங்கியதையும், முறையாகக் கம்பி கட்டப்படாத கான்கிரீட் கட்டடங்கள் சேதமடைந்ததையும் பதிவு செய்தனர்.

எடை கூடினால் விசை கூடும்

நிலநடுக்கம் வீட்டை வெளியிலிருந்து தள்ளுவதில்லை. அடித்தளம் நிலத்தோடு நகர்கிறது. மேலே உள்ள பாரம் இருந்த இடத்திலேயே இருக்க முயல்கிறது. ஓடும் பேருந்து திடீரென நிற்கும்போது பயணிகள் முன்னோக்கிச் சாய்வதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. எனவே வீட்டின் எடை எவ்வளவோ, அதற்கேற்ப அதன் மீது செயல்படும் பக்கவாட்டு விசையும் கூடுகிறது.

தரநிலையின் சூத்திரப்படி ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். 100 டன் எடையுள்ள ஒரு சிறிய கான்கிரீட் வீடு, உரிய கம்பி விவரங்களுடன் கட்டப்படுகிறது எனக் கொள்வோம். சென்னையில் அது 4 டன் பக்கவாட்டு விசைக்கு வடிவமைக்கப்பட வேண்டும். அதே வீடு அந்தமானில் 9 டன் விசைக்கு வடிவமைக்கப்பட வேண்டும். இரண்டே கால் மடங்கு வேறுபாடு. சென்னையில் வரைந்த வீட்டு வரைபடத்தை அப்படியே கப்பலில் கொண்டுவந்து இங்கே பயன்படுத்தக் கூடாது என்பதற்கு இந்த ஓர் எண்ணே போதுமானது.

ஐந்தில் ஒரு பங்கு ‘சலுகை’

இந்த 9 டன் என்ற கணக்கின் பின்னால் ஓர் ஒப்பந்தம் மறைந்திருக்கிறது. வீடு சிறிதும் வளையாமல், கம்பி நெகிழாமல் நிற்க வேண்டுமானால், அது தாங்க வேண்டிய விசை 9 டன் அல்ல, 45 டன். அவ்வளவு வலுவாக ஒவ்வொரு வீட்டையும் கட்டுவது சாதாரண மக்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே தரநிலை ஐந்தில் ஒரு பங்கு விசைக்கு வடிவமைக்க அனுமதிக்கிறது. அதற்கு அது விதிக்கும் நிபந்தனை: பெரும் நடுக்கத்தில் வீடு விரிசல் விடலாம், வளையலாம், ஆனால் இடிந்து விழக் கூடாது. உள்ளே இருப்பவர்கள் உயிருடன் வெளியேற வேண்டும்.

இந்த வளையும் தன்மையைத் தருபவை ஐஎஸ் 13920 தரநிலை கூறும் கம்பி விவரங்கள். அவற்றுள் முதன்மையானது, மேஸ்திரிகள் ‘ரிங்’ என்று அழைக்கும் வளையக் கம்பி. தூணின் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றி அணைத்துப் பிடிப்பது இதுவே. இதன் இரு முனைகளும் 135 பாகை வளைக்கப்பட்டு, தூணின் உட்பகுதிக்குள் குறைந்தது 65 மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். வேலை எளிதாக இருக்கும் என்பதற்காக 90 பாகையில் மடக்கிவிட்டால், நடுக்கத்தில் வெளிப்புறக் கான்கிரீட் உதிர்ந்தவுடன் ரிங் விரிந்துவிடும். அதன் பிறகு நெடுக்குக் கம்பிகள் பிதுங்கித் தூண் நொறுங்கும்.

தூணின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் இந்த ரிங்குகளுக்கு இடையிலான தூரம் 100 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தூணின் அகலம் 300 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. சுவருக்குள் மறைய வேண்டும் என்பதற்காக 9 அங்குலத் தூண் கேட்கும் பழக்கம் 5-ஆம் மண்டலத்தில் ஆபத்தானது. மேலும், ஒரு சந்திப்பில் சேரும் தூண்களின் மொத்த வலிமை, அங்கு சேரும் உத்தரங்களின் வலிமையைப் போல் குறைந்தது 1.4 மடங்கு இருக்க வேண்டும். உத்தரம் முறிந்தால் ஓர் அறை சேதமடையும். தூண் முறிந்தால் வீடே சரியும்.

கம்பி வளைக்கும் அந்த 45 பாகை வேறுபாட்டுக்குச் செலவு மிகக் குறைவு. கான்கிரீட் ஊற்றிய பிறகு அதை யாரும் பார்க்கவும் முடியாது. எனவேதான் ஊற்றுவதற்கு முன் பொறியாளர் நேரில் வந்து கம்பியைச் சரிபார்ப்பது, வரைபடத்துக்கு ஒப்புதல் பெறுவதைக் காட்டிலும் முக்கியமானதாகிறது.

சரிவு நிலமும் கட்டைத் தூணும்

ஸ்ரீ விஜயபுரத்தின் பல குடியிருப்புகள் மலைச்சரிவில் அமைந்துள்ளன. அங்கு வீட்டின் மேட்டுப்புறத் தூண்கள் குட்டையாகவும் பள்ளப்புறத் தூண்கள் நெட்டையாகவும் இருக்கும். குட்டைத் தூணே வலுவானது என்று தோன்றலாம். நடுக்கத்தில் நிலைமை நேர்மாறு. தூணின் நீளம் பாதியானால் அதன் விறைப்பு எட்டு மடங்காகிறது. விறைப்பானது எதுவோ அதுவே விசையில் பெரும்பங்கை இழுத்துக்கொள்ளும். ஆகவே குட்டைத் தூண்களே முதலில் வெடிக்கின்றன. நிலத்தைப் படிகளாக வெட்டிச் சமன்படுத்துதல், இயலாதபோது குட்டைத் தூண்கள் முழு உயரத்துக்கும் நெருக்கமாக ரிங் கட்டுதல் ஆகியவை இதற்கான தீர்வுகள்.

தரைத்தளத்தை வாகனம் நிறுத்துவதற்காகச் சுவரின்றி விட்டு, மேல் தளங்களில் மட்டும் சுவர் எழுப்புவதும் இதே வகைத் தவறுதான். 2001 குஜராத் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாதிலும் இத்தகைய அடுக்குமாடிகள் இடிந்து விழுந்தன.

சுவர் வீடுகளுக்கு ஒரு ‘பெல்ட்’

தூண்கள் இல்லாமல் செங்கல் அல்லது ஹாலோ பிளாக் சுவர்களே பாரம் தாங்கும் சிறிய வீடுகளுக்கு ஐஎஸ் 4326 தரநிலை வழிகாட்டுகிறது. அதன் சாரம், நான்கு சுவர்களும் தனித்தனியே ஆடாமல் ஒரே பெட்டி போல் அசைய வேண்டும் என்பதே. இதற்காக அடித்தள மட்டம், கதவு ஜன்னல்களுக்கு மேலே லிண்டல் மட்டம், கூரை மட்டம் ஆகிய இடங்களில் கம்பியிட்ட கான்கிரீட் பட்டைகள் வீட்டைச் சுற்றி இடைவெளியின்றி ஓட வேண்டும். ஜன்னலுக்கு மேல் மட்டும் துண்டு லிண்டல் வைப்பது இதற்கு ஈடாகாது. மூலைகளிலும் கதவு, ஜன்னல் ஓரங்களிலும் செங்குத்துக் கம்பி தேவை. 5-ஆம் மண்டலத்தில் ஒரு மாடி வீட்டின் எந்தச் சுவரிலும் திறப்புகளின் மொத்த நீளம் சுவர் நீளத்தில் பாதியை மீறக் கூடாது.

கூரை: இலேசாகவும் வேண்டும், இறுகவும் வேண்டும்

நிலநடுக்கத்தைக் கருதினால் கூரை இலேசாக இருப்பது நல்லது. காற்றைக் கருதினால் இலேசான கூரையே பறந்துபோகும். காற்று விசைக்கான ஐஎஸ் 875 தரநிலை இந்நகருக்கு விநாடிக்கு 44 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 158 கிலோமீட்டர் அடிப்படைக் காற்று வேகத்தை நிர்ணயித்துள்ளது. இந்த வேகம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 118 கிலோ எடைக்கு இணையான அழுத்தத்தைத் தரும். தகரக் கூரையின் எடையோ சதுர மீட்டருக்கு 10 கிலோவுக்கும் குறைவு. எனவே எடையால் அல்ல, பிணைப்பால் மட்டுமே கூரையை நிறுத்த இயலும். தகடு சட்டத்தோடும், சட்டம் சுவர்ப் பட்டையோடும், பட்டை அடித்தளத்தோடும் தொடர்ச்சியாகப் பிணைக்கப்பட வேண்டும்.

உப்பு என்னும் மெதுவான எதிரி

நடுக்கம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். உப்பு ஆண்டுக்கணக்கில் வேலை செய்கிறது. குளோரைடு கான்கிரீட்டுக்குள் ஊடுருவிக் கம்பியை அடையும்போது துரு உருவாகிறது. இரும்பைவிடத் துரு பல மடங்கு இடத்தை அடைப்பதால் கான்கிரீட் பிளந்து உதிர்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவுகளில் இது மேலும் வேகமெடுக்கிறது.

ஐஎஸ் 456 தரநிலையின் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, கடலோரக் கான்கிரீட் எம்30 தரத்துக்குக் குறையக் கூடாது. கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் கவர் வேண்டும். கடல் சாரல் நேரடியாகப் படும் இடங்களில் இவை எம்35, 50 மில்லிமீட்டர் என உயர்கின்றன. உள்நாட்டு வீடுகளில் வழக்கமான எம்20, 20 மில்லிமீட்டர் கவர் இங்கு பொருந்தாது. கழுவப்படாத கடற்கரை மணலும் உப்பு நீரும் துருவை முதல் நாளிலேயே வீட்டுக்குள் அழைத்துவருகின்றன. 2002-இல் உச்ச நீதிமன்றம் தீவுகளில் மரம் வெட்டுவதையும் மணல் அள்ளுவதையும் கட்டுப்படுத்திய பின், கட்டுமானப் பொருள்களுக்காகப் பெருநிலத்தைச் சார்ந்திருப்பது அதிகரித்தது. மரத்திலிருந்து கான்கிரீட்டுக்கு மாறிய தீவுகளில், கான்கிரீட்டுக்கு நல்ல மணல் கிடைப்பது எளிதாக இல்லை.

நிக்கோபார் குடில் தரும் பாடம்

கார் நிக்கோபாரின் மரபு வீடு, தேன்கூடு போன்ற வட்டக் கூரையுடன், மரக்கால்கள் மீது ஓர் ஆள் உயரத்தில் நிற்பது. வட்ட வடிவம் காற்றைச் சமமாக விலக்குகிறது. இலேசான பாரம் நடுக்க விசையைக் குறைக்கிறது. கட்டப்பட்ட மூட்டுகள் நெகிழ்ந்து கொடுக்கின்றன. ஆயினும் 2004 ஆழிப்பேரலை கரையோரக் குடில்களையும் கான்கிரீட் வீடுகளையும் வேறுபாடின்றி அடித்துச் சென்றது. எங்கு கட்டுவது என்ற கேள்விக்கு, எப்படிக் கட்டுவது என்பது விடையாகாது என்பதை அது உணர்த்தியது.

அதன் பின்னர் அரசு சுமார் 9,800 நிரந்தர வீடுகளைத் திட்டமிட்டது. பெருமளவில் முன்தயாரிப்புப் பொருள்களைக் கொண்டு, கரையிலிருந்து விலகிய மேட்டு நிலங்களில் அவை அமைந்தன. கட்டமைப்பு நோக்கில் இது சரியான திசை. ஆனால் துஹெத் எனப்படும் கூட்டுக் குடும்பமாக வாழ்ந்த நிக்கோபாரிகளுக்கு, வரிசையாக அமைந்த தனித்தனி வீடுகள் அவர்களது வாழ்முறைக்கு ஒவ்வாதவை என்ற விமர்சனமும் எழுந்தது.

வீடு கட்டுவோர் கேட்க வேண்டியவை

• வரைபடம் 5-ஆம் மண்டலத்துக்கு எனக் கணக்கிடப்பட்டதா?
• ரிங் கம்பியின் முனைகள் 135 பாகையில் உள்நோக்கி வளைந்துள்ளனவா? தூண் முனைகளில் இடைவெளி 100 மில்லிமீட்டருக்குள் உள்ளதா?
• தரைத்தளம் மேல் தளங்களைவிட வலுக்குறைந்ததாக விடப்பட்டுள்ளதா?
• லிண்டல் பட்டை வீட்டைச் சுற்றி முழுமையாக ஓடுகிறதா?
• கவர் பிளாக் 45 மில்லிமீட்டர் அளவுடையதா? மணல் கழுவப்பட்டதா?
• கூரை அடித்தளம் வரை தொடர்ச்சியாகப் பிணைக்கப்பட்டுள்ளதா?

இக்கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடையைக் கான்கிரீட் ஊற்றுவதற்கு முந்தைய நாள் மாலை, ஓர் அளவு நாடாவைக் கொண்டே வீட்டு உரிமையாளர் தெரிந்துகொள்ள முடியும். ஊற்றிய மறுநாள், அவற்றுள் சிலவற்றுக்கு விடை காண அடுத்த நிலநடுக்கம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.