துப்பறியும் நாவலாசிரியரின் தொழில் வாழ்க்கை: எழுத்து, விளம்பரம், வீடு ஆகிய மூன்றும் எவ்வாறு இயங்குகின்றன?

புதுடெல்லி: ரயில் நிலையப் புத்தகக் கடைகளில் துப்பறியும் நாவல் ஒன்றை வாங்கும் வாசகர், அதை ஒரே பயணத்தில் படித்து முடித்துவிடுகிறார். அதை எழுதியவருக்கோ அதற்குப் பல வார உழைப்பு தேவைப்பட்டிருக்கும். நாவல் அச்சேறிய பின்னும் அவரது வேலை முடிவதில்லை. அடுத்த கதைக்கான தேடல், வெளிவந்த நூலை வாசகரிடம் கொண்டு சேர்க்கும் விளம்பரப் பணி, குடும்பப் பொறுப்புகள் ஆகியவை ஒரே நேரத்தில் அவர் முன் நிற்கின்றன. இந்திய மொழிகளில் குற்றப் புனைவு எழுதிய பலர், இவற்றுடன் முழுநேர அலுவலகப் பணியையும் சுமந்துள்ளனர். இந்தத் தொழில் எவ்வாறு இயங்குகிறது, அதில் எழுத்தாளரின் உரிமை எங்கே காக்கப்படுகிறது, எங்கே கைநழுவுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மாதச் சம்பளமும் மர்ம நாவலும்

இந்தியில் மிக அதிகமாக வாசிக்கப்பட்ட குற்றப் புனைவு எழுத்தாளர்களுள் ஒருவர் சுரேந்தர் மோகன் பாடக். 1940ஆம் ஆண்டு பஞ்சாபின் கேம்கரணில் பிறந்தவர். இவரது முதல் சிறுகதை 1959இலும், முதல் நாவல் 1963இலும் வெளிவந்தன. ஏறத்தாழ 300 நாவல்களை எழுதியுள்ள இவர், தமது எழுத்து வாழ்வின் பெரும்பகுதியில் டெல்லியில் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை நிறுவனத்தின் ஊழியராகவே இருந்தார். அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதில்தான் செய்தியாளர் சுனில், குற்றவாளி விமல், டெல்லித் தனியார் துப்பறிவாளர் சுதீர் கோலி ஆகிய நாயகர்களை அவர் உருவாக்கினார். இயான் ஃப்ளெமிங், ஜேம்ஸ் ஹேட்லி சேஸ் ஆகியோரின் நாவல்களை இந்தியில் மொழிபெயர்க்கும் பணியையும் செய்தார்.

தமிழில் இதற்கு இணையான உதாரணம் சுஜாதா. ரங்கராஜன் என்ற இயற்பெயர் கொண்ட அவர், பெங்களூருவிலுள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிக்கொண்டே வழக்கறிஞர்கள் கணேஷ், வசந்த் தோன்றும் கதைகளை எழுதினார்.

இன்றும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. மும்பையில் அறுவை சிகிச்சை மருத்துவராகப் பணியாற்றியவர் கல்பனா சுவாமிநாதன். ஓய்வுபெற்ற பெண் துப்பறிவாளர் லல்லியை நாயகியாகக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதுகிறார். 1920களின் பெங்களூருவைக் களமாகக் கொண்டு 2022 முதல் துப்பறியும் நாவல்களை வெளியிட்டுவரும் ஹரிணி நாகேந்திரா, சூழலியல் பேராசிரியர்.

இதற்கு முதன்மையான காரணம் பொருளாதாரம். மலிவுப் பதிப்பு நாவலின் விலை குறைவு. அதில் எழுத்தாளருக்குரிய பங்கு அதனினும் குறைவு. ஒரு பிரதி வாடகை நூல் நிலையத்திற்குச் சென்றால் அதைப் பலர் படிப்பர்; எழுத்தாளருக்குக் கிடைப்பதோ அந்த ஒரு பிரதிக்கான தொகை மட்டுமே. மாதச் சம்பளம் வீட்டுச் செலவைத் தாங்கியதால், பதிப்பாளர் சொன்ன விலைக்குக் கையெழுத்திட வேண்டிய கட்டாயம் இத்தகைய எழுத்தாளர்களுக்குக் குறைவாக இருந்தது. எழுத்தை மட்டுமே நம்பியவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

மாதம் ஒரு நாவல் என்னும் நெருக்கடி

துப்பறியும் கதைகளின் சந்தை, தொடக்கத்திலிருந்தே மாத இதழ் முறையைச் சார்ந்து வளர்ந்தது. 1952இல் அலகாபாத்தில் தொடங்கப்பட்ட ‘ஜாசூசி துனியா’ என்னும் உருது வரிசையில், அஸ்ரார் அகமது என்ற இயற்பெயர் கொண்ட இப்னே சஃபி தொடர்ந்து நாவல்களை எழுதினார். அதே ஆண்டில் கராச்சியில் குடியேறிய பின்னரும் அவரது நாவல்கள் எல்லையின் இருபுறமும் வெளிவந்தன. 1955இல் இம்ரான் என்னும் நாயகனைக் கொண்ட இரண்டாவது வரிசையையும் அவர் தொடங்கினார். இரு வரிசைகளிலும் சேர்த்து ஏறத்தாழ 245 நாவல்கள் அவர் பெயரில் உள்ளன.

1960 முதல் 1963 வரை கடுமையான மனநோயால் பாதிக்கப்பட்ட இப்னே சஃபியால் எழுத இயலவில்லை. அவர் நலம் பெறுவதற்காகச் சந்தை காத்திருக்கவில்லை. அவரது பெயரைப் போலவே ஒலிக்கும் பெயர்களில் போலி நாவல்கள் கடைகளை நிறைத்தன. 1963ஆம் ஆண்டின் இறுதியில் ‘டேட் மத்வாலே’ நாவலுடன் அவர் திரும்பினார். அந்நூலை இந்தியாவில் வெளியிட்டவர், பின்னாளில் பிரதமரான லால் பகதூர் சாஸ்திரி. எழுத்தாளரின் உடல்நலமும் ஓய்வும் தொழிலின் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை என்பதற்கும், ஒரு பெயர் சந்தையில் எவ்வளவு மதிப்புடைய சொத்து என்பதற்கும் இந்நிகழ்வு சான்றாகும்.

வங்கத்தில் இந்த நெருக்கடி வேறு வடிவம் கொண்டது. அங்கு துர்கா பூஜை மலர்களே நாவல்களின் முதன்மையான களம். மழைக்காலம் முடிவதற்குள் கைப்பிரதியை ஒப்படைத்தாக வேண்டும். 1965இல் ‘சந்தேஷ்’ சிறுவர் இதழில் ஃபெலூடா என்னும் துப்பறிவாளரை அறிமுகப்படுத்திய சத்யஜித் ராய், திரைப்படப் பணிகளுக்கு இடையில் இந்தக் காலக்கெடுவைப் பல ஆண்டுகள் கடைப்பிடித்தார். தமிழில் கோயம்புத்தூரைச் சேர்ந்த ராஜேஷ்குமார், மாத நாவல் முறையைப் பின்பற்றி 1,500க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியுள்ளார்.

இரு நூல்களுக்கு இடையே நடப்பது என்ன?

ஒரு நாவல் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளி ஓய்வுக்காலம் போலத் தோன்றினாலும், துப்பறியும் கதையாசிரியருக்கு அதுவே தகவல் திரட்டும் காலம். இவ்வகைக் கதையில் முடிவு முதலில் தீர்மானிக்கப்பட வேண்டும். குற்றவாளி யார், அவர் விட்டுச்சென்ற தடயம் எது, அது எந்தப் பக்கத்தில் வாசகரின் கண்ணில் பட வேண்டும் என்பவை உறுதியான பிறகே எழுதத் தொடங்க இயலும்.

சட்டமும் தொழில்நுட்பமும் மாறும்போது கதையின் கட்டமைப்பும் மாறியாக வேண்டும். கொலை வழக்கைக் குறிக்க ‘302’ என்ற எண்ணைத் திரைப்படங்களும் நாவல்களும் பல தலைமுறைகளாகப் பயன்படுத்தி வந்தன. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்ததால், கொலைக்கான தண்டனை இப்போது 103ஆவது பிரிவில் இடம்பெறுகிறது. ஏமாற்றுதலுக்கான 420, தற்போது 318 ஆகியுள்ளது. எனினும், 2024 ஜூலை 1க்கு முன் நிகழ்ந்த குற்றத்திற்குப் பழைய சட்டமே பொருந்தும். ஆகவே, கதையில் கொலை எந்த ஆண்டில் நடக்கிறது என்பதைப் பொறுத்தே காவல் ஆய்வாளர் சொல்லும் பிரிவு எண் அமைய வேண்டும்.

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சோதனையையும் பறிமுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. 7 ஆண்டுகள் அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் நிகழ்விடத்திற்குச் செல்ல வேண்டும் என்றும் அது கூறுகிறது. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு 5 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. காவலர் ஒருவர் யாரும் அறியாமல் தடயத்தை மாற்றிவைப்பதாக அமைந்த பழைய கதைத் திருப்பத்தை, இன்றைய நாவலாசிரியர் மறுமுறை யோசிக்க வேண்டியுள்ளது. கண்காணிப்புக் கேமராக்களும் கைபேசிக் கோபுரத் தரவுகளும் ‘நான் அப்போது ஊரிலேயே இல்லை’ என்ற வாதத்தை எளிதில் உடைத்துவிடுகின்றன. பலர் தங்கள் கதைகளைக் கடந்த காலத்தில் அமைப்பதற்கு வரலாற்று ஆர்வத்துடன் இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். முகலாயர் காலத் துப்பறிவாளர் முசாஃபர் ஜங்கை நாயகனாகக் கொண்டு மதுலிகா லிடில் எழுதியுள்ள நூல்கள், கைபேசிகளும் கேமராக்களும் இல்லாத காலத்தில் நிகழ்பவை.

விளம்பரப் பொறுப்பு கைமாறிய கதை

மலிவுப் பதிப்புகளின் பொற்காலத்தில் விளம்பரம் பதிப்பாளரின் பொறுப்பாகவே இருந்தது. கண்ணைப் பறிக்கும் அட்டை ஓவியம், அடுத்த மாத நாவலைப் பற்றிய அறிவிப்பு, ரயில் நிலையக் கடைகளில் கிடைக்கும் இடம் ஆகியவை விற்பனையைத் தீர்மானித்தன. வடக்கே ஏ.எச். வீலர், தெற்கே ஹிக்கின்பாதம்ஸ் நிறுவனங்களின் கடைகள் இதில் முக்கியப் பங்கு வகித்தன. பாடக் தமது நாவல்களின் முகப்பில் எழுதிய ஆசிரியவுரைகளில் வாசகர் கடிதங்களுக்கு மறுமொழி கூறினார். பாராட்டுடன் கண்டனத்தையும் அவற்றில் வெளியிட்டதால், வாசகர்களுடன் நேரடியான உறவு வளர்ந்தது.

மீரட்டைச் சேர்ந்த வேத் பிரகாஷ் சர்மா (1955-2017) மேலும் ஒரு படி முன்னே சென்றார். தொடக்க காலத்தில் பிறர் பெயரில் எழுதிய அவர், பின்னர் சொந்தப் பெயரில் புகழடைந்து, தாமே பதிப்பகமும் தொடங்கினார். 1993இல் வெளிவந்த ‘வர்தி வாலா குண்டா’ நாவல், இந்தி மலிவுப் பதிப்புகளின் விற்பனையில் உச்சமாகப் பேசப்படுகிறது. இந்தித் திரைப்படங்களுக்கும் அவர் கதை எழுதினார். எழுத்தாளரே பதிப்பாளராக இருந்தபோது லாபம் அவரிடமே தங்கியது. காகித விலை, அச்சகம், நிலுவைத் தொகை ஆகியவை குறித்த கவலையும் அவரிடமே சேர்ந்தது.

தொலைக்காட்சியும் கைபேசியும் பொழுதுபோக்கைக் கைப்பற்றிய பின், இந்த மலிவுப் பதிப்புச் சந்தை சுருங்கியது. ஆனால் மொழிபெயர்ப்பு புதிய வாசகர்களைக் கொண்டுவந்தது. சென்னையைச் சேர்ந்த பிளாஃப்ட் பதிப்பகம், 2008இல் தமிழ் ஜனரஞ்சகக் கதைகளின் ஆங்கிலத் தொகுப்பையும், 2009இல் பாடக்கின் ‘65 லட்சம் கொள்ளை’ நாவலின் ஆங்கில வடிவத்தையும் வெளியிட்டது. அந்த நாவல் முதலில் வெளிவந்தது 1977இல்.

இன்று விளம்பரத்தின் பெரும்பகுதி எழுத்தாளரின் தோளில் விழுந்துள்ளது. சமூக ஊடகப் பதிவுகள், நேர்காணல்கள், இலக்கிய விழாக்கள் ஆகியவற்றில் அவர் நேரில் தோன்ற வேண்டும். ஜெய்ப்பூர் இலக்கிய விழாவும், கொல்கத்தா, சென்னை, புதுடெல்லி புத்தகக் காட்சிகளும் பெரும்பாலும் ஆண்டின் தொடக்க மாதங்களில் நடைபெறுவதால், அக்காலத்தில் எழுதும் மேசை காலியாகவே இருக்கும். இதில் துப்பறியும் நாவலாசிரியருக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கலும் உண்டு. கவிஞர் தமது கவிதையை மேடையில் முழுமையாக வாசிக்கலாம். கொலையாளியின் பெயரை மறைத்துக்கொண்டுதான் இவர் தமது நூலைப் பற்றிப் பேச வேண்டும்.

வீடும் எழுத்து மேசையும்

குற்றப் புனைவு எழுத்தாளரின் வீடு அவரது பணியிடமும் ஆகும். உலகில் மிக அதிகமாக விற்பனையான நாவலாசிரியர்களுள் ஒருவரான அகதா கிறிஸ்டிக்கே, எழுதுவதற்கெனத் தனி அறை நெடுங்காலம் இருந்ததில்லை. உணவு மேசையோ படுக்கையறை மேசையோ கிடைத்தால் தட்டச்சு இயந்திரத்தை வைத்து அவர் எழுதினார். தொழில் என்ன என்று கேட்கும் படிவங்களில் ‘திருமணமான பெண்’ என்றே நிரப்பியதாகத் தம் தன்வரலாற்றில் அவர் குறிப்பிட்டுள்ளார்.

குடும்பத்தினரின் பங்களிப்பு பெரும்பாலும் அட்டையில் இடம்பெறுவதில்லை. சத்யஜித் ராயின் மனைவி பிஜோயா ராய், துப்பறியும் கதைகளின் தீவிர வாசகி. ஃபெலூடா கதைகளை முதலில் படித்துக் கருத்துக் கூறியவர் அவரே. ரங்கராஜனின் நாவல்களிலோ மனைவியின் பெயரே அட்டைக்கு வந்தது. அதே பெயரில் வேறோர் எழுத்தாளர் ஏற்கெனவே அறியப்பட்டிருந்ததால், அவர் மனைவியின் பெயரான சுஜாதாவைப் புனைபெயராக ஏற்றார்.

உரிமையைத் தீர்மானிக்கும் ஒப்பந்தம்

எழுத்து, விளம்பரம், வீடு ஆகிய மூன்றையும் இணைக்கும் ஆவணம் பதிப்பு ஒப்பந்தமே. இந்தி மலிவுப் பதிப்பு உலகில், பதிப்பகத்திற்குச் சொந்தமான கற்பனைப் பெயர்களில் பலர் எழுதினர். பெயர் பதிப்பகத்துடையது, ஒருமுறை தரப்பட்ட தொகையுடன் எழுத்தாளரின் தொடர்பு முடிந்துவிடும். இத்தகைய நிலையிலும் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் சில பாதுகாப்புகளை வழங்குகிறது.

பதிப்புரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்து வடிவில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும் என்கிறது 19ஆவது பிரிவு. எத்தனை ஆண்டுகளுக்கு என்று குறிப்பிடப்படாவிட்டால், அந்த உரிமை 5 ஆண்டுகளுக்கு மட்டுமே மாற்றப்பட்டதாகக் கருதப்படும். எந்த நிலப்பரப்புக்கு என்பது கூறப்படாவிட்டால், அது இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். உரிமையைப் பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகக் கூறாதவரை, அது காலாவதியாகிவிடும். உரிமையை விற்ற பின்னரும், படைப்பு தம்முடையது எனக் கோரும் உரிமை 57ஆவது பிரிவின்படி எழுத்தாளரிடமே இருக்கும்.

புனைபெயரில் எழுதுவோர் கவனிக்க வேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. எழுத்தாளர் யார் என்பது வெளிப்பட்டிருந்தால், அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். இதன்படி 2017இல் மறைந்த வேத் பிரகாஷ் சர்மா தம் பெயரில் வெளியிட்ட நாவல்களுக்கு 2077ஆம் ஆண்டின் இறுதி வரை பாதுகாப்பு உண்டு. அடையாளம் வெளிப்படாத புனைபெயரில் வந்த நூலுக்கோ, அந்த 60 ஆண்டுகள் நூல் வெளியான காலத்திலிருந்தே கணக்கிடப்படும். இளம் வயதில் எழுதிய நாவலின் உரிமை, எழுத்தாளர் உயிருடன் இருக்கும்போதே முடிந்துவிடக்கூடும்.

பழைய துப்பறியும் நாவல்கள் இப்போது மின்னூலாகவும் ஒலிநூலாகவும் இணையத் தொடராகவும் மறுபிறவி எடுத்து வருகின்றன. அவற்றிலிருந்து வரும் வருமானம் எழுத்தாளரின் குடும்பத்தைச் சேருமா என்பது, பல ஆண்டுகளுக்கு முன் கையெழுத்தான தாளில் கால அளவும் பயன்பாட்டு வகையும் எவ்வாறு எழுதப்பட்டிருந்தன என்பதைப் பொறுத்தது. புதிதாக எழுத வருவோர், கதையின் முடிவைத் திட்டமிடுவதில் காட்டும் கவனத்தை அந்தத் தாளைப் படிப்பதிலும் காட்டுவது அவசியமாகும்.